ஆகஸ்ட் வெயிலில் ஸ்ட்ரோபெரி: ஜெலற்றின் இல்லாமல் செய்யக்கூடிய இத்தாலிய இனிப்புகள் எவை?

உவர்மலை வாசகி

வணக்கம். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் மதிய விருந்து. பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினைந்து பேர் வரையில் இருப்பார்கள். நுவரெலியாவிலிருந்து வரும் உறவினர் ஒருவர் இரண்டு கிலோ ஸ்ட்ரோபெரி கொண்டுவருவதாகச் சொல்லியிருப்பதால், வழமையான வட்டிலப்பத்தையும் புடிங்கையும் இம்முறை விட்டுவிட்டு, இத்தாலிய வீடுகளில் செய்யும் எளிய இனிப்புகளில் ஒன்றிரண்டைச் செய்யலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

தேடிப் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலானவை, காய்ச்சிய கிறீமை இறுக்கிச் செய்யும் பன்னா கொத்தாவில் அல்லது பிஸ்கட்டையும் கிறீமையும் அடுக்கிச் செய்யும் ஸ்ட்ரோபெரி திராமிசுவில் போய் நிற்கின்றன. முதலாவதற்கு ஜெலற்றின் வேண்டும். அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது என்பதால், சைவ உணவுக்காரரான என் மாமியார் கடையில் விற்கும் ஜெலியைக்கூடத் தொடுவதில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் குடும்பத்தினருக்கு அது ஹலாலாக இருக்க வேண்டும்; ஹலால் முத்திரை பார்த்து வாங்கினாலும் மாமியாரின் இலை வெறுமையாகத்தான் இருக்கும். இரண்டாவதில் பச்சை முட்டை சேர்கிறது. கச்சான் காற்று அடிக்கும் இந்த நாட்களில் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. மதுவகை எதுவும் எங்கள் சமையலில் சேராது. வீட்டில் ஒவன் இல்லை, காஸ் அடுப்பு மட்டுமே; குளிர்சாதனப்பெட்டியின் உறைபகுதியும் சிறியது. சாப்பாடு விறாந்தையில் நடக்கும் என்பதால், வெளியே எடுத்து வைத்தபின் அரை மணி நேரமாவது உருக்குலையாமல் இருக்கக்கூடிய இனிப்பே எனக்குத் தேவை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஸ்ட்ரோபெரிக் கூழைச் சூடான பாலில் சேர்க்கக் கூடாது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் எழுதவில்லை. காரணம் தெரிந்தால் அளவுகளையும் முறையையும் எங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பலெர்மோவிலிருந்து ஒரு திருகோணமலையார்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் பார்த்த குறிப்புகளில் பிழையில்லை. ஆனால் அவை எல்லாம் வட இத்தாலியைச் சேர்ந்தவை. பன்னா கொத்தா அல்ப்ஸ் மலையடிவாரத்துப் பியேமொந்தேயின் இனிப்பு. திராமிசு வெனெத்தோ மாகாணத்தின் திரெவீசோ நகரத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. அதில் இடும் மஸ்கர்போனே என்னும் மென்மையான கிறீம் சீஸ் லொம்பார்தியாவில் பிறந்தது. பசும்பாலும் கிறீமும் குளிரும் தாராளமாக உள்ள ஊர்களில் உருவான பண்டங்களை உவர்மலை விறாந்தையில் ஆகஸ்ட் மாதத்து மத்தியானத்தில் நிற்க வைக்கப் பாடுபடுவதைவிட, இத்தாலியின் தெற்கே இறங்கிச் சிசிலியைப் பார்ப்பதே உங்களுக்குப் பயன் தரும் என்பது என் எண்ணம். நான் வாழும் பலெர்மோவிலும் ஆகஸ்ட் வெயில் நம் ஊருக்குச் சளைத்ததல்ல. இங்குள்ளவர்கள் கோடை இனிப்புகளை ஜெலற்றினால் இறுக்குவதைவிட மாவினால் இறுக்குவதையே பழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள்.

ஜெலற்றின் நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழேயே, 30 முதல் 35 பாகை வரையில், இளகத் தொடங்கிவிடும். பன்னா கொத்தா வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். நம் விறாந்தையில் கரண்டி படுமுன்பே கரைவதும் அதனால்தான். மாவினால் இறுகிய கூழ் அந்தச் சூட்டில் இளகாது.

பலெர்மோவின் புகழ்பெற்ற கோடை இனிப்பு, வத்தகப் பழச் சாற்றைச் சோளமாவுடன் காய்ச்சி இறுக்கும் ஜேலோ. ஜூலை நடுவில் நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் விழா நாட்களிலும், ஆகஸ்ட் 15 ஆம் திகதிப் பெருநாளிலும் அது இல்லாத வீடு குறைவு. (அந்தப் புனிதையின் குகைக்கோயில் இருக்கும் பெல்லெகிரீனோ மலைக்கு இங்குள்ள நம் ஆட்கள், சைவர்கள் உட்பட, நடந்தே ஏறுவது வேறொரு கதை.) இதே முறையில் ஸ்ட்ரோபெரியிலும் ஜேலோ செய்யலாம்; உங்கள் நிபந்தனைகள் அனைத்துக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

எழுநூறு கிராம் பழத்தைக் கழுவி, அதன்பின் காம்பு நீக்கி, அரைத்து, விதைகள் தங்கும்படி கண்ணறை சிறிய வடியில் வடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒரு லீற்றர் ஆக்குங்கள். சோளமா 80 முதல் 90 கிராம், அதாவது மட்டமாக அளந்த பத்துப் பதினொரு மேசைக்கரண்டி. சீனி 120 முதல் 150 கிராம், பழத்தின் இனிப்பைப் பார்த்து. கடையில் கோர்ன் பிளவர் என்று கேட்டு வாங்குங்கள். கஸ்ரட் பவுடர் வேண்டாம், அதிலுள்ள நிறமும் வாசனையும் பழத்தை அமுக்கிவிடும். மாவை முதலில் கொஞ்சம் குளிர்ந்த சாற்றில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு மீதிச் சாற்றோடும் சீனியோடும் சேர்த்து, நடுத்தர நெருப்பில் அகப்பையை எடுக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம் புளிப்போடு சேர்ந்தால் நிறமும் சுவையும் கெடும்.

அடுப்பில் ஏற்றும்போது கலவை பால் கலந்ததுபோல வெளிறிய ரோஜா நிறத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். சூடு ஏற ஏற அகப்பை கனக்கத் தொடங்கும். அடியில் அகப்பை போன தடம் ஒரு கணம் தெரிந்து மூடும். அந்த நேரத்தில் வெளிறல் நீங்கி, கலவை கண்ணாடிப் பளபளப்போடு சிவப்பாகிவிடும். பெரிய குமிழிகள் எழுந்து உடையத் தொடங்கியபின் ஒன்றரை நிமிடம் மட்டும் விடுங்கள். அதற்கு முன்பே இறக்கினால் மாவின் பச்சை வாடை நிற்கும். அதிக நேரம் கொதித்தால் பழத்தின் புளிப்பு மாவின் பிடிப்பைத் தளர்த்திவிடும். இதே காரணத்தால் தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். உடனே கோப்பைகளில் ஊற்றி, சூடு ஆறியபின் நான்கைந்து மணி நேரம் குளிரூட்டினால் போதும். ஊற்றியபின் கிளறாதீர்கள், இறுகத் தொடங்கிய கூழை உடைத்தால் அது மீண்டும் ஒன்றுசேராது, தண்ணீர் விடும். இங்கே வத்தக ஜேலோவில் மல்லிகைப் பூ ஊறிய நீர் சிறிது சேர்ப்பார்கள். ஸ்ட்ரோபெரிக்கு அது வேண்டாம், பழத்தின் மணமே போதும்.

இன்னொன்று பியாங்கோமாஞ்ஜாரே. சிசிலியில் அதைப் பாதாம் பாலிலும் மாவிலும் செய்கிறார்கள். இலங்கையில் பாதாம் விற்கும் விலைக்கு அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். தேங்காய்ப்பாலில் செய்தால் அதைவிடக் குறைவாக இராது என்று துணிந்து சொல்வேன். ஒரு லீற்றர் தேங்காய்ப்பாலுக்கு 90 கிராம் சோளமா, 150 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, தேசிக்காய்த் தோலில் பச்சையான மேற்பகுதி மட்டும் ஒரு கீற்று. காய்ச்சும் முறை முன் சொன்னதே. இறுகியபின் மேலே நறுக்கிய ஸ்ட்ரோபெரியைச் சாற்றோடு கரண்டியால் விடுங்கள்.

அந்த ஸ்ட்ரோபெரியைத் தயார் செய்வதுதான் இத்தாலியில் எல்லா வீடுகளிலும் நடக்கும் மிக எளிய காரியம். பழத்தை நான்காக நறுக்கி, அரைக் கிலோவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சீனி தூவி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் பழம் தன் சாற்றை விட்டுத் தானே ஒரு பாகு ஆகிவிடும். நம் தேசிக்காய் இங்குள்ள எலுமிச்சையைவிடக் கூர்மையானது. எனவே அரைப் பழத்துச் சாறே போதும். பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் செய்யுங்கள். முதல் நாள் இரவே ஊற வைத்தால் பழம் துவண்டு நிறம் வெளுத்துவிடும்.

பழச்சாற்றை உறையவைத்துச் சுரண்டி எடுக்கும் கிரானித்தா இங்கே காலை உணவாகவே பன்னோடு உண்ணப்படுவது, அருமையானது. ஆனால் அரை மணிக்கொரு தடவை உறைபகுதியைத் திறந்து முள்ளுக்கரண்டியால் சுரண்ட வேண்டும். பதினைந்து பேருக்குச் சிறிய உறைபகுதியில் அது நடக்கிற காரியமல்ல.

கிண்ணியா சமையலறை

உவர்மலைச் சகோதரிக்கு, பலெர்மோ சகோதரர் சொன்ன ஜேலோவை நானும் செய்து பார்க்க எண்ணுகிறேன். ஆனாலும் பன்னா கொத்தாவை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளில் கடற்பாசி (அகர் அகர்) காய்ச்சாத நாள் குறைவு. அது கடலில் விளையும் பொருள் என்பதால் சைவர்களுக்கும் தடையில்லை, எங்களுக்கும் தடையில்லை. ஜெலற்றின் இடும் இடத்தில் அதை இட்டால் உங்கள் வீட்டுச் சிக்கல் ஒரே பொருளில் தீர்ந்துவிடும்.

முறையில் சில வேறுபாடுகள் உண்டு. ஜெலற்றின் வெந்நீரில் கரையும். கடற்பாசி நன்றாகக் கொதித்தால்தான் கரையும். அரை லீற்றர் பாலுக்குத் தூளாக இருந்தால் ஒரு தேக்கரண்டி போதும். அதை ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, தூள் முற்றாக மறைந்தபின், சீனி கரைத்துச் சூடாக்கி வைத்த பாலையும் சிறிது கிறீமையும் அதில் ஊற்ற வேண்டும். பால் குளிர்ந்ததாக இருந்தால் ஊற்றிய இடத்திலேயே கடற்பாசி நூல் நூலாகத் திரண்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கலக்கினாலும் சரிவராது. 40 பாகைக்குச் சற்றுக் கீழே வந்ததும் அது இறுகும். ஒருமுறை இறுகினால் 85 பாகையளவுக்குச் சூடாக்காமல் இளகாது. விறாந்தையில் அரை மணி என்ன, அந்தி வரை வைத்தாலும் அசையாது.

சூடான பால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்ட்ரோபெரி பார்வைக்கு இனிப்பான பழமே தவிர, நல்ல புளிப்புள்ளது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் புளிப்பு ஓர் அளவைத் தாண்டியதும் திரண்டு பிரியும். சூடு அதை இன்னும் விரைவாக்கும். நாம் தேசிக்காய் விட்டுப் பாலைத் திரிக்கும்போது நடப்பதும் அதுதான். ஆகவே பழக் கூழைப் பாலோடு கலக்காமல், பால் கலவை கோப்பையில் இறுகிய பிறகு மேலே தனி அடுக்காக விடுங்கள். பழத்தைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைப்பதும் நல்லதல்ல. புளிப்பில் வெந்தால் கடற்பாசியின் பிடிப்பும் குறையும். கடற்பாசியை மட்டும் கொதிக்க வைத்து இறக்கிப் பிறகு கூழைச் சேர்க்கலாம். கூழும் குளிர்ந்ததாக இருக்கக் கூடாது.

திரிந்த பாலே ஓர் இனிப்புக்கு முதலாகவும் ஆகும். ரிக்கொத்தா என்னும் இத்தாலியப் பாற்கட்டி, உண்மையில், சீஸ் செய்து மிஞ்சும் தெளிந்த நீரை மறுபடி காய்ச்சி எடுப்பது. வீட்டில் முழுப் பாலிலேயே அதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்துகொள்ளலாம். இத்தாலியின் கம்பானியாவில் எருமைப் பாலில் ரிக்கொத்தா செய்கிறார்கள். எருமைப் பாலுக்கு நம் மாவட்டத்தில் என்ன குறை? பசும்பாலைவிடக் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் திரளும் அதிகம், மென்மையும் அதிகம். ஒரு லீற்றர் பால் பொங்கி எழுவதற்கு முன் நெருப்பைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டு, இரண்டொரு முறை மட்டும் மெதுவாகக் கிளறி, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். மெல்லிய துணியில் வடியவிடுங்கள். பிழிய வேண்டாம், பிழிந்தால் பன்னீர்க் கட்டியாகிவிடும். ஈரம் மிச்சமிருக்கும்போதே பொடித்த சீனி சேர்த்து அடித்தால் கிறீம் வாங்காமலே ஸ்ட்ரோபெரிக்கு ஒரு துணை கிடைத்துவிடும்.

மூதூர்த் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு மஸ்கர்போனேக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். தயிர் தயிராகவே இருக்கும். அதன் புளிப்பும் பழத்தின் புளிப்பும் சேர்ந்தால் சீனியை அள்ளிப் போட வேண்டிவரும். எனக்கு அது பிடிப்பதில்லை.

நானுஓயா தோட்டக்காரர்

சமையலில் நான் தலையிடவில்லை. பழத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்ட்ரோபெரி பறித்தபின் பழுக்கும் பழமல்ல. மாம்பழத்தையும் வாழையையும் போல வைத்துப் பழுக்க வைக்க முடியாது. காம்படியில் வெள்ளை மாறாத பழம் இரண்டு நாளில் கொஞ்சம் சிவக்கலாம், இனிப்பு ஏறாது. தூரத்துக்கு அனுப்பும் பழத்தைச் சிலர் அரைச் சிவப்பிலேயே பறித்துவிடுவார்கள். காம்படி வரை சிவந்ததாகப் பார்த்து எடுக்கும்படி உறவினரிடம் சொல்லுங்கள். இப்போது மலைநாட்டில் மழைக்காலம் என்பதால், திறந்த வெளிப் பாத்திகளின் பழம் நீர்த்திருக்கும், அழுகலும் விரைவில் பற்றும். பொலித்தீன் கூடாரத்துக்குள் விளைந்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.

பழம் சுமார் 1,870 மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு, கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரப்போகிறது. பகலில் தம்புள்ளைக்கு அப்பால் உள்ள வெயிலைப் பழம் தாங்காது, இரவுப் பயணமே உத்தமம். ஆழமான பெட்டி வேண்டாம்; தட்டையான பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேல் வைத்தால் அடியில் உள்ளது நசுங்கும். வந்து சேர்ந்ததும் கழுவாமல், நசுங்கியதைப் பிரித்துவிட்டு, காகிதம் விரித்த தட்டில் பரப்பிக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். ஒரு பழத்தில் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்துப் பழங்களையும் தொற்றும். கழுவுவது பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான். காம்போடு கழுவி, அதன்பின் காம்பை எடுங்கள், இல்லையேல் அந்தக் குழியால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

இரண்டு கிலோவில் கொஞ்சம் கழிவு போகும் என்று எண்ணிக்கொண்டே கணக்குப் போடுங்கள். நசுங்கியதை எறிய வேண்டாம். பூஞ்சணம் இல்லாவிட்டால் சகோதரர் சொன்ன ஜேலோவுக்கு அதுவே தாராளம். அழகான பழங்களை மேலே வைப்பதற்கு ஒதுக்குங்கள்.

உவர்மலை வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்ட்ரோபெரி ஜேலோவும், தேங்காய்ப்பால் பியாங்கோமாஞ்ஜாரேயும், அதன் மேலே தேசிக்காய்ச் சாற்றில் ஊறிய பழமும் என்று முடிவு செய்திருக்கிறேன். ரிக்கொத்தாவை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். மூன்று ஐயங்கள் மட்டும் மிச்சம். இரண்டையும் சனிக்கிழமை இரவே செய்து வைக்கலாமா? தேங்காய்ப்பால் கொதித்தால் திரிந்துவிடாதா? கோப்பையிலிருந்து தட்டில் கவிழ்த்துப் பரிமாற முடியுமா?

பலெர்மோவிலிருந்து ஒரு திருகோணமலையார்

சனிக்கிழமை இரவே செய்யலாம். அதற்கும் முன்பு செய்ய வேண்டாம், நாள் கூடக்கூடக் கூழ் ஓரத்தில் தண்ணீர் விடத் தொடங்கும். ஆறியபின் ஒவ்வொரு கோப்பையையும் மூடி வையுங்கள், இல்லையெனில் மேலே தோல் படரும். மூடி இல்லாவிட்டால் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைக் கூழின்மேல் படியும்படி இட்டாலும் சரி. உறைபகுதிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

தேங்காய்ப்பால் தனியே பொங்கிக் கொதித்தால் திரியும். மாவு கரைந்திருக்கும்போது அவ்வளவு எளிதில் திரியாது. இருந்தாலும் முதற்பாலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, மற்றது கெட்டியானபின் கடைசி நிமிடத்தில் அதைச் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். தேங்காய் மணமும் அப்போதுதான் நிற்கும்.

கவிழ்ப்பதானால் சோளமாவை 90 கிராமுக்குக் குறைக்காதீர்கள். ஊற்றுவதற்கு முன் கோப்பையின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்து உதறிவிட்டு, துடைக்காமல் அப்படியே ஊற்றுங்கள். எடுக்கும்போது ஓரத்தை விரல் நுனியால் சுற்றிலும் மெதுவாக உள்நோக்கி இழுத்துவிட்டுத் தட்டை மேலே வைத்துக் கவிழ்த்தால் கழன்று விழும். பியாங்கோமாஞ்ஜாரே நன்றாகக் கவிழும். ஜேலோ பழத்தின் புளிப்பால் சற்று இளக்கமாகவே இறுகும் என்பதால், பதினைந்து பேர் காத்திருக்கும் நேரத்தில் அதைக் கவிழ்க்கப் போகாமல் கண்ணாடிக் கோப்பையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கிண்ணியா சகோதரியின் கடற்பாசிப் பன்னா கொத்தா விறாந்தையில் அந்தி வரை நிற்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வாயிலும் கரையாமல் அப்படியே நிற்குமே என்பதுதான் என் குறை.

கிண்ணியா சமையலறை

கடற்பாசியை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, கிறீமைக் கூட்டி, கவிழ்க்காமல் கோப்பையிலேயே கொடுத்துப் பாருங்கள். கரண்டி இறங்கும் பதத்துக்கு வந்துவிடும். பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள்.